கண், மூக்கு எல்லாம் நன்றாக வருகிறது, ஆள் ஜாடை மட்டும் வருவதில்லை. கரியிலும் பாஸ்டலிலும் பொழுதுபோக்காக முகம் வரைபவர்கள் இதை எப்படிச் சரிசெய்கிறீர்கள்?

பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரைகிறவன் நான். ஓவியம் முறையாகப் படித்ததில்லை, ஒரு படமும் விற்றதில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் இதே வியாதியோடு முதல் நான்கு வருடம் திண்டாடியிருக்கிறேன். அந்தத் தகுதியில் பதில் எழுதுகிறேன்.

ஒரு நாள் அப்பாவை எதிரே உட்காரவைத்து வரைந்துகொண்டிருந்தேன். காலைப் பொழுது முழுக்க இடது கண்ணிலேயே போய்விட்டது. இமைமயிர், கருவிழிக்குள் ஜன்னலின் வெளிச்சப் புள்ளி, கண்ணுக்கடியில் இருக்கும் சுருக்கம் என்று ஒன்றையும் விடவில்லை. தங்கை எட்டிப் பார்த்து, "யாருண்ணா இது?" என்றாள். வந்த எரிச்சலில் பழைய துணியை எடுத்து முகத்தை அடித்து உதறினேன். வில்லோ கரி என்பதால் முக்கால்வாசி உதிர்ந்துபோய், காகிதத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு நிழல்தான் மிச்சம் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் அவள் அங்கேயே நிற்கிறாள். "இப்பதான் அப்பா மாதிரி இருக்கு" என்கிறாள்.

உட்கார்ந்து பார்த்தேன். கண் இல்லை, மூக்கு இல்லை. புருவத்துக்குக் கீழே இரண்டு குழிகள், மூக்கின் ஒரு பக்கத்து நிழல், கன்னம் உள்வாங்கும் சரிவு, கீழுதட்டுக்கு அடியில் ஒரு கருமை. அவ்வளவுதான் அப்பா. யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தெருக்கோடியில் வரும்போதே அவரை அடையாளம் கண்டுகொள்கிறோம், அந்தத் தூரத்தில் யாருக்கு இமைமயிர் தெரிகிறது?

அன்றிலிருந்து முதல் அரைமணி நேரம் கண் வரையவே மாட்டேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எதிரில் இருப்பவரைப் பார்த்தால் சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, வெளிச்சம் ஒரு பக்கம் நிழல் ஒரு பக்கம் என்று முகம் இரண்டாகப் பிரிந்துவிடும். அந்த நிழலின் வடிவத்தை மட்டும், கரித்துண்டைப் படுக்கவைத்துத் தேய்த்துப் போடுகிறேன். இந்தக் கட்டத்தில் வில்லோ கரிதான் சரி. அதில் பசை கிடையாது, வெறும் எரிந்த குச்சி. துணியால் தட்டினாலே போய்விடும் என்பதால் தப்பு செய்யப் பயமே வராது. அழுத்திய கரியில் பசை சேர்த்திருப்பார்கள். நல்ல கறுப்பு கிடைக்கும், ஆனால் போட்டால் போட்டதுதான். அதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் தொடாதீர்கள். நான் ஆரம்பத்தில் அதை வைத்துத்தான் தொடங்கினேன், அது வேறு கூத்து.

அளவுகளைப் பற்றி ஒன்று. கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கும், இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் அகல இடைவெளி என்று எல்லாரும் சொல்லித்தருவார்கள். உண்மைதான். புதிதாக வரைகிறவர்கள் நெற்றியையும் முடியையும் குறைத்துவிட்டுக் கண்ணை மேலே ஏற்றிவிடுவதால் அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அது பொதுவான ஒரு தலையின் கணக்கு. உங்கள் எதிரில் இருப்பவர் அதிலிருந்து எங்கே விலகுகிறார் என்பதில்தான் ஜாடை இருக்கிறது. என் அப்பாவுக்கு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே இடம் கொஞ்சம் அதிகம். அதை நான்கு வருடமாக என் கை தானாகவே 'சரிசெய்து' சுருக்கிக்கொண்டிருந்திருக்கிறது! பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, கண்ணின் உள்முனையிலிருந்து நேராகக் கீழே வந்தால் நாசியின் எந்த இடத்தைத் தொடுகிறது, உதட்டின் ஓரத்திலிருந்து மேலே போனால் கருவிழியின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் கோணல் எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

நீங்கள் புகைப்படத்தைப் பார்த்து வரைகிறீர்கள் என்றால் தவறு உங்கள் கையில் இல்லாமலும் இருக்கலாம். போனைக் கிட்டத்தில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கிவிடும். அதை அப்படியே வரைந்தால் அந்த ஆள் வராமல் போவது நியாயம்தானே. இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். ஒரு பக்கத்து ஜன்னல் வெளிச்சம் போதும். ஃபிளாஷ் போட்டால் நிழலே இருக்காது, நிழல் இல்லாவிட்டால் வரைய என்ன இருக்கிறது?

அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்டின் கரி முகங்களைத் தேடிப் பாருங்கள். 1907 வாக்கில் எண்ணெய் வண்ணத்தில் முகம் வரைந்து தருவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு, ஒரே அமர்வில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடியும் கரிப் படங்களுக்கு மாறியவர் அவர். நிழலில் இருக்கும் கண்ணின் ஓரத்தை அவர் எவ்வளவு துணிச்சலாக இருட்டோடு கரையவிடுகிறார் என்று கவனியுங்கள்.

சரி, பாஸ்டல். முதலில் ஒரு எச்சரிக்கை, எண்ணெய்ப் பாஸ்டல் வேறு, சாஃப்ட் பாஸ்டல் வேறு. எண்ணெய்ப் பாஸ்டலில் மெழுகும் எண்ணெயும் இருக்கும், கரியோடு சேராது. நிறப்பொடியும் சுண்ணமும் கொஞ்சம் பசையும் சேர்த்து உருட்டிய சாஃப்ட் பாஸ்டல்தான் நமக்கு வேண்டியது.

நான் செய்து செய்து கெடுத்த விஷயம், விரலால் தேய்ப்பது. தேய்க்கத் தேய்க்க வழவழப்பாக வரும், மனசுக்கு இதமாக இருக்கும். அரைமணியில் முகம் மாவு பூசிய பொம்மையாகிவிடும். காகிதத்தின் சொரசொரப்புதான் பொடியைப் பிடித்துவைக்கிறது. தேய்த்து அந்தப் பள்ளங்களை அடைத்துவிட்டால் மேற்கொண்டு நிறம் ஏறவே ஏறாது. இப்போது பின்னணியிலும் தலைமுடியிலும் மட்டும் தேய்க்கிறேன். முகத்தில் கீற்றுகளாகவே விடுகிறேன், முதலில் கெட்டியான குச்சி, பிறகு மிருதுவானது. முதலில் அடர்நிறம், பிறகு வெளிர்நிறம். பிரெஞ்சு ஓவியர் ஷார்தான், எண்ணெய் வண்ணம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகவே, எழுபது வயதுக்கு மேல் பாஸ்டலுக்கு வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு 1771-இல் தன்னையே வரைந்த படம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள், கன்னத்தில் கீற்றுகள் அப்படியே தெரியும். தள்ளி வந்தால் தோல்.

மாநிறத் தோலை வெளிறச்செய்ய வெள்ளையைச் சேர்க்காதீர்கள், சாம்பல் தட்டிவிடும். காவி மஞ்சளும் ஆரஞ்சும் கொண்டு ஏற்றுங்கள். நிழலுக்குக் கறுப்புக்குப் பதில் செம்பழுப்பு, ஊதா. நெற்றியில் பளபளக்கும் இடம் பெரும்பாலும் ஜன்னலின் நீலத்தைத்தான் காட்டும், அங்கே வெளிர்நீலம் ஒரு கீற்று வைத்துப் பாருங்கள். நிறம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் ஆள் தெரிவார், வெளிச்சம் நிழலின் அடர்த்தி தவறினால் தெரியமாட்டார். அதனால் பாஸ்டல் படத்துக்கும் அடியில் கரியில் நிழல் போட்டுக்கொள்வேன். அதன்மேல் ஃபிக்ஸடிவ், அதாவது பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்பிரே, அடித்துக் காயவிட்டுத்தான் நிறம். அடிக்காவிட்டால் கரி மேலே கலந்து எல்லாவற்றையும் அழுக்காக்கிவிடும்.

சாம்பல் நிறக் காகிதத்தில் கரியும் வெள்ளைப் பாஸ்டலும் மட்டும் வைத்து வரைவது இடைப்பட்ட நல்ல பயிற்சி. அதில் ஒரே விதி, இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கலந்தால் பிணத்தின் நீலம் வரும். நடுவில் காகிதத்தைச் சும்மா விடுங்கள், நடுத்தர நிறம் அதுதான். கண்ணின் வெள்ளை விழிக்கும் அதே காகித நிறம் போதும், அங்கே வெள்ளை போட்டால் முழிக்கிற முழியாகிவிடும்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். பொடியை வாயால் ஊதாதீர்கள், மூச்சில் ஏறும். பலகையைச் சாய்த்துத் தட்டுங்கள். ஃபிக்ஸடிவை வெட்டவெளியில் அடியுங்கள். முடித்த பாஸ்டல்மேல் அடித்தால் வெளிச்சப் பகுதிகள் மங்கும், அதனால் கடைசி வெளிச்சங்களை அதற்குப் பிறகு வைக்கவேண்டும். ஃபிரேமில் கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி இருக்கட்டும். அக்ரிலிக் தகடு வேண்டாம், நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு அழித்த அப்பா படத்தை அப்படியே ஃபிக்ஸடிவ் அடித்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். அவள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். போகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று, "கண்ணு எப்படா போடுவே?" என்று அப்பா கேட்கிறார்.