விண்வெளி நிலையம் ஏன் வெள்ளைக் கோடாக விழுகிறது?

கேள்வி: ஐயா, வீட்டின் பின்கட்டில் கையால் திருப்பும் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். அனைத்துலக விண்வெளி நிலையத்தைப் படமெடுத்தால் வெள்ளைக் கோடுதான் விழுகிறது. உருப்பெருக்கம் கூடிய வில்லை வாங்கலாமா? நள்ளிரவில் அது கண்ணில் படாதது ஏன்?
- வாசகர், பாலிக் பூலாவ், பினாங்கு

பதில்: காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. நிலையத்தின் அகலம் 109 மீட்டர். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் உச்சி வானைக் கடக்கையில் வியாழனுக்குச் சற்றும் குறையாத அளவில் தெரியும். சிக்கல் அதன் ஓட்டம். நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே 75 மீட்டர் போய்விடும். கோடு விழாமல் என்ன செய்யும்? இரண்டாயிரத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள், நகர்வு நான்கு மீட்டருக்குள் அடங்கும். நல்ல வெயிலில் மின்னும் பொருள் என்பதால் அந்த வெளிச்சம் போதும். உருப்பெருக்கத்தைக் கூட்டினாலோ பார்வைப் பரப்பு சுருங்கி, பிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

வியாழனிலோ பிரகாசமான விண்மீனிலோ முன்கூட்டியே ஃபோகஸ் செய்து, திருகின்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு வீடியோவை ஓடவிட்டு, குறிபார்க்கும் சிறு குழலில் கண்ணை வைத்து, நிலையத்தைக் குறுக்குக் கம்பியில் நிறுத்தியபடி குழாயைக் கையாலேயே நகர்த்துங்கள். தைப்பூசத்தில் தேர் இழுப்பது போல் வெட்டி இழுக்காதீர்கள். நேர் உச்சியில் டாப்சோனியன் முரண்டு பிடிக்கும். அதற்குச் சற்று முன்னும் பின்னும்தான் வேட்டை. பெரும்பாலான பிரேம்கள் வெறும் வானம். தேறும் சிலவற்றில் சூரியத் தகடுகள் தனித்தனியாகத் தெரியும். 2007இல் மலேசியாவின் முதல் விண்வெளி வீரரான நம் டாக்டர் ஷேக் முஸாபர் அங்கே தங்கியபோது இத்தனை தகடுகள் இல்லை. நான்காவது ஜோடி 2009இல்தான் போய்ச் சேர்ந்தது.

நள்ளிரவுக் கேள்விக்கு வருகிறேன். நிலையத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் நம் தலைக்கு மேலுள்ள நிலையப் பாதையும் பூமியின் நிழலுக்குள் போய்விடும். ஆகவே மாலை எட்டரை மணி வரை, இல்லையேல் விடியலுக்கு முந்திய ஒரு மணி நேரம். மாலை மழையோடு மல்லுக்கட்ட மனமில்லாத எனக்கு விடியல்தான் பிடிக்கும். அந்த நேரத்தில் குறிபார்க்கும் குழலின் வில்லையில் ஈரம் படியும். துணியால் தேய்க்காமல், முடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடு காட்டினால் போதும்.