இதயம் நின்றவருக்கு எக்மோ போட்ட பிறகு கால் ஏன் சில்லிடுகிறது? காலைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு மாரடைப்போடு அனுப்பப்பட்ட உங்கள் மாமாவுக்கு அங்கே இதயம் நின்று, நெஞ்சை அழுத்தும் மசாஜ் நடக்கும்போதே எக்மோ (இதயம், நுரையீரல் வேலையை உடலுக்கு வெளியிலிருந்து செய்யும் இயந்திரம்) போட்டார்கள், இப்போது வலது கால் சில்லிட்டு வெளிறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றே ஐசியுவில் ஒன்று கேளுங்கள்: “அந்தக் காலுக்குக் கீழ்நோக்கித் தனிக் குழாய் போட்டாச்சா?”

தொடை இடுக்கில் தமனிக்குள் போகும் குழாய் 15 அல்லது 17 பிரெஞ்ச் அளவு இருக்கும். அதாவது 5 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல். அதன் முனை மேலே, வயிற்றுப் பக்கம் பார்த்திருக்கும். இரத்தம் எல்லாம் மேலே போய்விடும்; குழாயின் ஓரமாகக் கசிவதுதான் காலுக்கு மிச்சம். ரத்த அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கும் நார்அட்ரினலின் அந்த இடைவெளியையும் சுருக்கிவிடும். இரத்தம் போகாத தசை ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் மீள முடியாதபடி சேதமாகும்.

இதற்காகத்தான் அதே தமனியில் கீழ்நோக்கி 6 முதல் 8 பிரெஞ்ச் வரையிலான சிறு குழாய் ஒன்றைப் போட்டு, பெரிய குழாயின் பக்கவாயிலோடு இணைப்பார்கள். எக்மோ போடும்போதே, இல்லையென்றால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். கால் கறுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் பார்வையில் தவறான முடிவு. அதற்குள் தமனி இன்னும் இறுகியிருக்கும், ஊசி ஏறுவதே கஷ்டம்.

சிறு குழாயும் ஏமாற்றும். இடுப்பை மடக்கினால் நெளியும், ஓட்டம் குறைந்தால் உள்ளே உறையும். அதில் நிமிடத்துக்கு 100 மி.லி.யாவது ஓடுகிறதா என்று அளக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வலி சொல்லமாட்டார். எக்மோவில் துடிப்பே மங்கிவிடுவதால் பாதத்தில் நாடி பிடித்துப் பார்ப்பதும் போதாது. மணிக்கொரு முறை டாப்ளர் (ஒலி அலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் கருவி), இரண்டு கெண்டைக்காலிலும் ஆக்சிஜன் காட்டும் பட்டை. அந்தப் பட்டையில் இரண்டு கால்களுக்கும் 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

குத்தும் நேரத்திலேயே பாதி சிக்கல் ஆரம்பிக்கிறது. இதயம் நின்றவரின் தமனி இரத்தமும் கறுப்பாகவே வரும், மசாஜில் சிரையும் துடிக்கும். நிறத்தை நம்பினால் மாறிப்போகும். அல்ட்ராசவுண்டில் பார்த்தே குத்த வேண்டும், குழாய்க்கு வழிகாட்டும் வயர் எங்கே போயிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தமனிக்குழாய் ஒரு காலிலும் சிரைக்குழாய் மறு காலிலும் இருந்தால் ஒரே கால் இரண்டு சுமையையும் தாங்க வேண்டியதில்லை. இங்கே கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ உறைவைக் கரைக்கும் ஊசி போட்டு அனுப்பியிருந்தால், போட்ட நேரத்தோடு அந்தச் சீட்டை ஐசியுவில் கொடுங்கள். குத்திய இடத்தில் இரத்தம் கசிவதும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து எவ்வளவு கொடுப்பது என்பதும் அதைப் பொறுத்தது.

இரத்தம் திரும்பிய பிறகு கெண்டைக்கால் கல் மாதிரி இறுகினால் அது வேறு ஆபத்து: வீங்கிய தசை உறைக்குள்ளேயே நசுங்குகிறது. கீழ்க்காலின் நான்கு அறைகளையும் கீறித் திறக்க வேண்டி வரும். இதற்கு டாக்டர் கையெழுத்துக் கேட்டால் சொந்தக்காரர்கள் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அப்போது பொட்டாசியம், சிறுநீரின் நிறம் இரண்டையும் கவனிப்பார்கள். சிதையும் தசை சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எக்மோவை எடுத்த பிறகும் அந்தக் காலின் தமனியிலும் சிரையிலும் உறைவு இருக்கிறதா என்று ஒரு டாப்ளர் ஸ்கேன் கேட்டு வாங்குங்கள்.