"டேய், பொண்ணுடா!"

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நாலு பேர் வேளச்சேரியில் இருந்துகொண்டு மைன்கிராப்ட் (கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் ஆட்டம்) ஆட ஒரு தமிழ் சர்வர் நடத்துகிறோம். அதற்கான டிஸ்கார்டில் (குரலிலும் எழுத்திலும் பேசிக்கொள்ளும் செயலி) 300 பேர் இருக்கிறார்கள். கெட்ட வார்த்தைக்கு பில்டர் போட்டாச்சு, அஞ்சாறு பேரை பேன் பண்ணியாச்சு. இருந்தும் புதிதாக வருபவர்கள், முக்கியமாகப் பெண்கள், நிற்பதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: இதே மாதிரி ஒரு சர்வரில் ஒரு ராத்திரி ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். வாய்ஸ் ரூமில் இருபது பேர், காசிமேட்டு மீன் ஏலம் மாதிரி இரைச்சல். ஒரு பெண் உள்ளே வந்து "ஹலோ, கேக்குதா?" என்றார். சட்டென்று அமைதி. அப்புறம் யாரோ, "டேய், பொண்ணுடா!" பின்னாலேயே "எந்தக் காலேஜ்?", "எந்த ஏரியா?", "இன்ஸ்டா ஐடி இருக்கா?" மூன்றே நிமிடம், மைக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இதில் பில்டருக்குச் சிக்குகிற சொல் ஒன்றாவது உண்டா?

பில்டர் இருக்கட்டும். ஆனால் நம் ஆட்கள் தமிழ் வசவை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள். ஒரே சொல்லுக்குப் பத்து ஸ்பெல்லிங், நடுவில் ஒரு புள்ளி, 'ஓ' வர வேண்டிய இடத்தில் பூஜ்யம். துரத்தி மாளாது. "சொந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று நைசாக சாதியைத் தோண்டுகிறவனை எந்த பாட் (தானாகக் கண்காணிக்கும் நிரல்) பிடிக்கும்?

லீக் ஆப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் ரயட் நிறுவனம் ஒரு சின்ன வேலை செய்தது. எதிரணியோடு பேசும் சாட் வசதியை எல்லோருக்கும் அணைத்து வைத்தது. வேண்டியவர்கள் செட்டிங்ஸில் போய்த் திறந்துகொள்ளலாம். யாரையும் தண்டிக்காமலே வசைப்பேச்சு கணிசமாகக் குறைந்தது. 2019இல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், எதிரி நிற்கும் இடம் கூட்டாளிகளுக்குத் தெரிந்துவிடும். குரலைக் காட்டாமலே முழு ஆட்டமும் ஆடலாம்.

உங்களுக்கும் அதே வழிதான். வாய்ஸ் ரூம் ஒவ்வொன்றிலும் ஆறு பேருக்கு மேல் ஏறாதபடி வரம்பு வையுங்கள். டிஸ்கார்டிலேயே அந்த வசதி இருக்கிறது. பக்கத்தில் டெக்ஸ்டில் எழுதியே ஆடுபவர்களை "மைக் போடு" என்று யாரும் நச்சரிக்கக் கூடாது. சர்வர் ஆட்களிடமிருந்து வரும் நேரடி மெசேஜை எப்படி அணைப்பது என்பதை வரவேற்புக் குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆட்டத்துக்குள்ளும் ஒன்று. புது ஆள் கட்டிய வீட்டை மறுநாளே எவனாவது உடைத்தால் அவர் ஏன் திரும்பி வரப்போகிறார்? கிரீப் பிரிவென்ஷன் என்ற பிளக்இன் (சர்வரில் சேர்க்கும் கூடுதல் நிரல்) போடுங்கள். ஒருவர் தன் முதல் பெட்டியை வைத்ததுமே சுற்றியுள்ள இடம் அவர் பேருக்குக் காவலாகிவிடும். கோர்புரொடெக்ட் என்ற இன்னொரு பிளக்இன் இருந்தால் எந்தக் கல்லை யார் எப்போது உடைத்தார் என்பது பதிவாகும், உடைந்ததை மீட்கவும் முடியும்.

கோபிக்காமல் கேளுங்கள்: பெரும்பாலும் தொல்லை கொடுப்பவன் அட்மினின் நண்பனாகத்தான் இருப்பான். அதனால் உங்கள் நால்வருக்கு வெளியே இரண்டு மாடரேட்டர்களாவது வேண்டும். புகார் கொடுத்தவருக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அன்றைக்கே பதில் போக வேண்டும். மிரட்டலோ ஆபாசப் படமோ வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு நீக்குங்கள். புகார் தர மத்திய அரசின் சைபர் கிரைம் தளம் இருக்கிறது, குழந்தைகள் என்றால் 1098 உதவி எண்.

சரி, இன்று ராத்திரியே ஒரு வேலை. பெண் பேரில் புது அக்கவுண்ட் திறந்து உங்கள் சர்வருக்கு நீங்களே போங்கள். மைக்கைத் தொடாதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் யார் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு மறுபடி எனக்கு எழுதுங்கள்.