ஊரை விட்டுப் போகணும்: கன்னியாகுமரி மாவட்டப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு டீச்சரக்கா பதில்

கேள்வி: எங்க ஊரு தேங்காப்பட்டணம் பக்கம். டியூஷன் முடிஞ்சு பஸ் இறங்கி யார்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசினா, நான் வீடு சேருமுன்னே அம்மாவுக்குச் சேதி போயிருது. மூச்சு முட்டுது. எங்கயாவது போயிரணும்னு நினைக்கிறது தப்பா அக்கா?

பதில்: தப்பே இல்ல மக்கா. ஜங்ஷன்ல பயலுவ ராத்திரி பத்து மணி வரை நிக்கானுவ, ஒருத்தரும் கேக்கிறதில்ல. நீ பேனா வாங்கப் போனாக்கூட கணக்குக் கேக்காங்க. உன் கோவம் நியாயமானது. ஆனா அந்தக் கோவத்தோட பையைத் தூக்கிராதே. காலேஜ் சீட்டும் ஹாஸ்டல் இடமும் கைக்கு வந்த பிறகு, பகல்ல, வீட்டுல சொல்லிட்டுப் போ.

கேள்வி: அம்மாவுக்கு அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஆலை) வேலை. வெளியூர்ல படிக்க வைக்க வசதி இல்லங்காங்க. நான் எய்டட் (அரசு உதவி பெறும்) ஸ்கூல், தமிழ் மீடியம்.

பதில்: நல்லவேளை கேட்ட. காலேஜ் போற பிள்ளைகளுக்கு மாசாமாசம் பணம் குடுக்குற தமிழ்நாடு அரசோட புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல தொடங்கினப்போ, ஆறுல இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்குத்தான். 2024 டிசம்பர்ல எய்டட் பள்ளி தமிழ் மீடியத்துக்கும் வந்துட்டு. எய்டட் பள்ளி நிறைய உள்ள நம்ம மாவட்டத்துக்கு இது பெரிய காரியம். காலேஜ் படிக்கும்போது மாசம் 1,000 ரூபாய் உன் பேங்க் கணக்குலயே விழும். உன் வீட்டுல இதுக்கு முன்ன யாரும் டிகிரி முடிக்கலன்னா, முதல் பட்டதாரி சான்று வாங்கி வை. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல கட்டணச் சலுகை உண்டு. வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்துல ரிசல்ட் வருமுன்னே எழுதிக் குடு. ஜூன் மாசம் அங்க நிக்க இடம் கிடைக்காது.

கேள்வி: பிளஸ் டூ முடிச்சதும் கல்யாணம்னு பேசி வச்சிருக்காங்க. எனக்கு 17.

பதில்: 18 முடியாம நடத்துனா, நடத்துற பெரியவங்க மேல கேஸ் வரும், 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. முதல்ல உன் கிளாஸ் டீச்சர்கிட்ட நாளைக்கே சொல்லு.

கேள்வி: ஒரு பையன் திருவனந்தபுரம் போயிரலாம், வேலை பாத்துக்கலாம்ங்கான்.

பதில்: போகாதே மோளே. உனக்கு 18 ஆகலன்னா போலீஸ் கேஸாகும், படிப்பும் நின்னு போகும். உண்மையான அன்புன்னா நீ டிகிரி முடிக்கிற வரை அவன் காத்திருக்கட்டும்.

கேள்வி: (ஒரு அம்மா, குலசேகரம்) மக கதவை அடைச்சிட்டு இருக்கா. பேசவே மாட்டேங்கா.

பதில்: புத்தி சொல்றதை ஒரு வாரம் நிறுத்துங்க. சனிக்கிழமை அவளை நாகர்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போய், அவளுக்குப் பிடிச்ச காலேஜையும் ஹாஸ்டலையும் ரெண்டு பேருமா பாருங்க. வார்டன்கிட்ட கேட்கவேண்டியதை அவளே கேட்கட்டும், நீங்க பக்கத்துல நின்னா போதும்.