பாஸ்போர்ட்டும் போச்சு, வெள்ளைக் கார்டும் போச்சு!

கே: 2011-ல விசிட்டர் விசால அமெரிக்கா வந்தேன், இப்ப கணவர் சிட்டிசன், கிரீன் கார்டுக்குப் போடணும், ஆனா பழைய பாஸ்போர்ட்டே தொலைஞ்சுபோச்சு. முறையா வந்தேன்னு எப்படிக் காட்டுறது?

ப: பதறாதீங்க. சிட்டிசனோட மனைவிங்கறதால விசா கெடு தாண்டித் தங்குனதப் பொதுவா பெருசா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா ஆபீசர் பாத்துதான் உள்ள விட்டார்ங்கறதுக்கு ஆதாரம் கண்டிப்பா வேணும். அப்பல்லாம் பாஸ்போர்ட்ல ஸ்டேப்பிள் அடிச்சுக் குடுப்பாங்களே ஒரு வெள்ளைக் கார்டு, அதான் ஐ-94, நீங்க முறையா உள்ள வந்ததுக்கான பதிவு. அமெரிக்க சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறைகிட்ட தகவல் அறியும் சட்டத்துல உங்க பதிவைக் கேளுங்க, இல்லன்னா தொலைஞ்ச ஐ-94-க்குப் பதில் வேற கேக்குற ஐ-102 ஃபார்ம் போடுங்க, அதுக்கு ஃபீஸ் உண்டு. நம்மாளுங்க மாட்டுறது பேர்லதான், பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா விசால உங்க பேரே சர்நேமாகி, முதல் பேர் இடத்துல எஃப்என்யூன்னு (FNU, அதாவது முதல் பேர் தெரியல) விழுந்திருக்கும், அதனால ரெண்டு மாதிரியும் எழுதிக் கேளுங்க. ஊர்ல அம்மா பீரோல பழைய விசா ஜெராக்ஸ் கிடக்குதான்னும் பாக்கச் சொல்லுங்க.