‘ழ’வைக் கேட்கும் பெண்ணுக்குக் கடன் எதற்கு?

எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளோடு ஒரு அம்மாவும் அப்பாவும் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். கூடவே சித்தப்பா. பேசியது பெரும்பாலும் அவர்தான். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ்., வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக் கடன், இரண்டே வருடத்தில் வேலை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். மகள் வாய் திறந்தது ஒரே ஒரு முறை. கல்லூரி புராஜெக்டுக்காகத் தமிழ்க் குரல் பதிவுகளை அலசியபோது நேரம் போனதே தெரியவில்லை, பேச்சொலிகளைப் பற்றித்தான் மேலே படிக்க ஆசை என்றாள். “அதெல்லாம் சோறு போடுமா?” என்று கேட்ட அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெறும் ஆறுதல் சொல்லி அனுப்பினால் அது உங்களுக்கு நான் செய்யும் துரோகம். அந்த எம்.எஸ். திட்டத்தை நான் எதிர்க்கிறேன். கடன் உங்கள் பெயரில், பத்திரம் உங்கள் வீட்டுடையது, படிப்பு முடிந்த பிறகு வேலையும் விசாவும் யார் கையிலும் இல்லை. இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம், அந்தப் பெண் அந்தப் படிப்பை விரும்பியிருந்தால். அவள் விரும்பவில்லை. சித்தப்பா நல்லதைத்தான் நினைக்கிறார், சரி. ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

கேட் (GATE) தேர்வு, ஐடி கம்பெனி, எம்.பி.ஏ. இவற்றைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் அவற்றுக்குள் போகவில்லை. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: பேச்சொலிகளை அளந்து ஆராயும் ஒலிப்பியல் ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. வெறும் பெயரைச் சொன்னால் காற்றில் போய்விடும். ஒரே ஒரு ஆய்வுக்கூடத்தின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்கு, அதாவது யு.சி.எல்.ஏ.வுக்கு, 1962-ல் வந்து சேர்ந்தார் பீட்டர் லேடஃபோகட். எடின்பரோவில் பயின்றவர், அமெரிக்கா வருமுன் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளைப் பதிவு செய்துகொண்டு திரிந்தவர். வந்ததும் ஓர் ஒலிப்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அங்கே செய்வது என்ன? ஒருவர் பேசும்போது நாக்கு எங்கே தொடுகிறது, உதட்டுத் தசை எப்போது இறுகுகிறது, காற்று எவ்வளவு வெளியேறுகிறது, குரல்வளை எப்படி அதிர்கிறது என்று அளப்பதுதான். பாதி மொழியியல், பாதி மின்னணுவியல். உங்கள் மகளின் இன்றைய பாடப்புத்தகத்தில் இருக்கும் சிக்னல் புராசஸிங் (ஒலி போன்ற அலைகளைக் கணினியில் அலசுவது) அங்கே அன்றாட வேலை.

அங்கிருந்து வெளிவந்த முனைவர் ஆய்வுகளைப் பாருங்கள். விக்டோரியா ஃப்ராம்கின் முப்பது வயதெல்லாம் தாண்டிய பிறகு படிக்க வந்தவர். உதட்டுத் தசைகளின் மின்துடிப்பை அளந்து 1965-ல் பட்டம் வாங்கினார். பிறகு நாத் தவறிப் பேசும் பிழைகளைச் சேகரித்து, மூளை பேச்சை எப்படிக் கட்டுகிறது என்று காட்டிப் புகழ் பெற்றார். (உங்கள் மகளுக்கு வயது இருபது. “வயசு போயிடும்” என்ற பேச்சை இத்தோடு விடுங்கள்.) ஜான் ஓஹாலா 1969-ல் முடித்தார், பெர்க்லியில் பேராசிரியரானார். இயன் மேடிசன் மொழிகளின் தொனியை (சுருதி மாறினால் சொல்லின் பொருளே மாறுவதை) ஆராய்ந்து 1977-ல் முடித்தவர். உலகின் 317 மொழிகளின் ஒலிப் பட்டியலை ஒப்பிட்டு 1984-ல் அவர் வெளியிட்ட நூலை இத்துறையில் இன்றும் புரட்டுகிறார்கள். லேடஃபோகட் 1991-ல் ஓய்வு பெற்றபின் பேட்ரிஷியா கீட்டிங் பொறுப்பேற்றார்.

நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. நீலகிரித் தோடர்களின் மொழியில் நாக்கை உருட்டும் ர வாய்க்குள் மூன்று இடங்களில் பிறக்கிறது, ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயலில் ஓர் இணையும் இருக்கிறது. லேடஃபோகட் அதை இந்திய மொழியியலாளர் பெரி பாஸ்கரராவோடு சேர்ந்து பதிவு செய்து அளந்து எழுதினார். 2006 ஜனவரியில், இந்தியாவில் களப்பணி முடித்து ஊர் திரும்பும் வழியில், லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு எண்பது வயது.

இன்னொருவரைச் சொன்னால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீகாந்த் நாராயணன், 1995-ல் யு.சி.எல்.ஏ.வில் பிஎச்.டி. முடித்தார். அவர் பட்டம் மின் பொறியியலில், மொழியியலில் இல்லை. ஆனால் அதே வளாகத்தில் மொழியியல் முனைவர்களான டேனி பேர்ட், அபிகெயில் கான் இருவரோடும் சேர்ந்து 1999-ல் ஒரு கட்டுரை எழுதினார். தமிழின் ல, ள, ழ, ர, ற ஒலிகளின்போது வாய்க்குள் என்ன நடக்கிறது என்று எம்.ஆர்.ஐ. படங்களோடு காட்டிய கட்டுரை அது. நாராயணன் இப்போது தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேச்சு ஆய்வில் உலகம் அறிந்த பேராசிரியர். எலெக்ட்ரானிக்ஸ் பாதையிலிருந்து பேச்சொலிக்குள் போக முடியாது என்று இனி யார் சொன்னாலும் இதைச் சொல்லுங்கள்.

இப்போது பணம். இதில் நான் கறாராகத்தான் பேசுவேன். அமெரிக்காவில் இந்த மாதிரி பிஎச்.டி.க்குச் சேரும்போது, பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, பாடம் நடத்த உதவுவதற்கோ ஆய்வு செய்வதற்கோ மாதச் சம்பளமும் தரும். அது இல்லாத அனுமதிக் கடிதம் வந்தால் கிழித்துப் போடுங்கள். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி, பிஎச்.டி.க்குக் கடன் வாங்கக் கூடாது. யு.சி.எல்.ஏ. உள்ளிட்ட கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு கூடுதல் கட்டணம் உண்டு. ஆய்வேடு எழுதும் தகுதி நிலைக்கு மாணவர் போன பிறகு மூன்று ஆண்டுவரை அது கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு யார் கட்டுவது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சம்பளமும் தாராளம் என்று நினைக்காதீர்கள். 2022 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் ஊதியம் போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். சிக்கனமாக ஐந்தாறு வருடம் ஓட்ட வேண்டியிருக்கும். சேமிப்பு வராது, கடனும் ஏறாது.

அப்புறம் சோறு. பேராசிரியர் வேலை கிடைப்பது கடினம், இதை மறைக்க மாட்டேன். ஆனால் குரலை எழுத்தாக்கும் மென்பொருள், எழுத்தைப் பேச வைக்கும் மென்பொருள், நீதிமன்றத்துக்காகக் குரலை ஆராயும் தடயவியல், பேச்சுக் குறைபாடு பற்றிய ஆய்வு என்று கதவுகள் நிறைய. ஒலியைக் கேட்டுப் பிரிக்கவும், அளக்கவும், நிரல் எழுதவும் தெரிந்த ஒருவரை இந்த இடங்கள் எல்லாம் தேடும்.

சரி, ஆசை உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு காசு செலவில்லாமல் சோதிக்கலாம். பிராட் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளட்டும். வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேரை ‘வால்’, ‘வாள்’, ‘வாழ்’ என்று பத்துப் பத்து முறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்யட்டும். திரையில் ஒலியின் படமாகக் கறுப்புப் பட்டைகள் தெரியும். கீழிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது பட்டை ‘ழ’ வரும்போது இறங்குகிறதா, எல்லோருக்கும் இறங்குகிறதா, ‘ழ’வை ‘ள’வாகச் சொல்பவருக்கு என்ன ஆகிறது என்று அளந்து நான்கு பக்கம் எழுதட்டும். யு.சி.எல்.ஏ. ஆய்வுக்கூடம் இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளின் பதிவுகளை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது, அதையும் கேட்கட்டும். இரண்டு வாரத்தில் சலித்துப்போனால் நானே வேறு வழி சொல்கிறேன். சலிக்காவிட்டால் அந்த நான்கு பக்கம்தான் அவள் விண்ணப்பத்தின் விதை. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி முடிந்துவிடும், பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியர்களை அதற்கு நாலு மாதம் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

அதுவரை வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அடுத்த முறை வரும்போது அந்த நான்கு பக்கத்தையும் பதிவுகளையும் கொண்டு வரச் சொல்லுங்கள். முதல் அரை மணி நேரம் அவள் மட்டும் என்னிடம் பேசட்டும். சித்தப்பாவையும் அழைத்து வாருங்கள், அவர் கேள்விகளுக்கு அதன் பிறகு பதில் சொல்கிறேன்.