புதிய தொழில்நுட்பமும் தலைமையின் கண்ணோட்டமும்: கேள்வி பதில்

கேள்வி: செயற்கை நுண்ணறிவு பயனுள்ளது என்று எண்களோடு காட்டியும் எங்கள் நிர்வாக இயக்குநர் மறுக்கிறார். ஏன்?

பதில்: ஒரு கருவியை ஒருவர் ஏற்பது, அது பயன் தரும், கையாள எளிது என்று அவர் எவ்வளவு நம்புகிறார் என்பதைப் பொறுத்தது என்று 1989-ல் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி கூறுகிறது. ஆனால் அது கருவியைத் தாமே பயன்படுத்துபவரை மனத்தில் கொண்டு உருவானது. நிறுவனத் தலைவர் பெரும்பாலும் கருவியைத் தொடுவதே இல்லை. பணம் ஒதுக்குகிறார், விளைவுக்குப் பொறுப்பேற்கிறார். உங்கள் எண்கள் பயனைப் பேசுகின்றன, அவருடைய தயக்கமோ பெரும்பாலும் பொறுப்பைப் பற்றியதாக இருக்கும். பிழை நேர்ந்தால் எப்படிக் கண்டறிவீர்கள், பழைய முறைக்கு எப்படித் திரும்புவீர்கள் என்பதை முதலில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: எந்த மென்பொருளை வாங்கலாம்?

பதில்: அது என் துறை அன்று. எதை வாங்கினாலும், விற்பவர் தம் தரவைக் கொண்டு நடத்தும் செயல்விளக்கத்தை நம்பாதீர்கள். உங்கள் தரவைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபிலிம் நிறுவனமான கோடாக் வீழ்ந்ததற்கு, அதன் தலைவர்கள் டிஜிட்டலைக் காணத் தவறியதுதானே காரணம்?

பதில்: இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதால் விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது. கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975-லேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார்; பிற்காலத்தில் அந்நிறுவனம் டிஜிட்டல் கேமராக்களைப் பெருமளவில் விற்கவும் செய்தது; ஆயினும் 2012-ல் திவால் பாதுகாப்புக் கோரியது. அவர்கள் டிஜிட்டலைக் கண்டார்கள். ஆனால் லாபம் ஃபிலிமிலும் அச்சுத்தாளிலும்தான் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களிடம் இறுகிப்போயிருந்தது. எடுத்தவுடன் படத்தைத் தரும் கேமராக்களைச் செய்த போலராய்டில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது: ஆய்வுக்கூடம் டிஜிட்டலில் முன்னேறியிருந்தும், கேமராவை மலிவாக விற்று ஃபிலிமில் சம்பாதிப்பதே தொழில் என்று தலைமை கருதியதால், அந்த ஆய்வு உரிய நேரத்தில் சந்தைக்கு வரவில்லை. 2001-ல் அதுவும் திவாலானது.

அதே கேள்வியாளர்: சாசனின் கருவி மூன்றரை கிலோவுக்கு மேல் எடை கொண்டது, ஒரு கருப்பு வெள்ளைப் படத்தைப் பதிய 23 விநாடி எடுத்தது. அதில் பணம் போடாதது எப்படிப் பிழையாகும்?

பதில்: 1975-ஐப் பொறுத்தவரை பிழையே இல்லை. நான் பேசுவது 1990-களைப் பற்றி. ஃபிலிம் சந்தையின் சரிவில் அதே அடியை வாங்கிய ஃபியூஜிஃபிலிம், தன்னை வேதியியல் அறிந்த நிறுவனமாகக் கருதியதால், மின்னணுத் திரைகளுக்கான மெல்லிய படலங்களுக்கும் சருமப் பராமரிப்புப் பொருட்களுக்கும் நகர முடிந்தது.

மற்றொருவர்: கோடாக்கிடமும் வேதியியல் இருந்ததே?

பதில்: இருந்தது. 1994-ல் அந்த வேதிப்பொருள் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டார்கள். கையிலிருந்த திறன் ஒன்றே. அதைத் தலைமை எதுவாகக் கண்டது என்பதில்தான் இரு நிறுவனங்களும் வேறுபட்டன.

கேள்வி: போட்டியாளர்கள் எல்லோரும் வாங்கிவிட்டார்கள் என்று எங்கள் தலைவர் அவசரப்படுகிறார்.

பதில்: எது சரி என்று தெரியாதபோது நிறுவனங்கள் ஒன்றையொன்று பின்பற்றும் என்று சமூகவியலாளர்கள் டிமாஜியோவும் பாவலும் 1983-லேயே விளக்கினார்கள். 2017-ல் ஒரு தேநீர் நிறுவனம், அப்போது எல்லோரும் பேசிய பிளாக்செயின் தொழில்நுட்பத்தின் பெயரைச் சேர்த்து, தன் பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றிக்கொண்டவுடன் அதன் பங்கு விலை தாவியது. மறு ஆண்டே அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. போட்டியாளர் வாங்கியது மட்டுமே வெளியில் தெரியும். அதை அவர் பயன்படுத்துகிறாரா என்பது தெரியாது.

கேள்வி: சிறு நிறுவனத்துக்கு ஏற்ற மென்பொருள் எது?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். உங்கள் தரவைக் கொண்டு சோதியுங்கள்.

கேள்வி: மாறாவிட்டால் அழிந்துவிடுவோம் என்று அச்சுறுத்தினால் தலைமை அசையுமா?

பதில்: அசையும், ஆனால் பாதிதான். செய்தித்தாள் நிறுவனங்களை ஆராய்ந்த நிர்வாகவியல் ஆய்வாளர் கிளார்க் கில்பர்ட் 2005-ல் காட்டியது இதுதான்: இணையத்தை அச்சுறுத்தலாகப் பார்த்தவர்கள் அதற்குப் பணம் ஒதுக்கினார்கள், ஆனால் அச்சிதழின் பழைய நடைமுறைகளையே இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். புதிய பணியைத் தனிப் பிரிவாக வைத்தபோதுதான் அந்தப் பிடி தளர்ந்தது. ஆகவே பணத்தைக் கேட்கும்போதே தனிக் குழுவையும், அதற்கென்று தனி அளவுகோலையும் சேர்த்துக் கேளுங்கள்.